மச்சான் கடையில் எட்டேகால் லட்சம் எங்கே போனது?

கொங்குப் பகுதியிலிருந்து 52 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம். இனிப்பு, காரம் விற்கும் கடைகள் இரண்டு. பஜார் கடையை அவரும் மகனும் பார்க்கிறார்கள். பைபாஸ் கடையைப் பார்ப்பது மனைவியின் தம்பி. மச்சானுக்கு 40, இவருக்கு 60 என்று பார்ட்னர்ஷிப் பத்திரம் இருக்கிறது. இரண்டு கடைக்கும் சரக்கு ஒரே சமையல்கூடத்திலிருந்து போகிறது.

எம்பிஏ முடித்து வந்த மகன், பில்லிங் மெஷினில் இருந்த கணக்கையெல்லாம் எடுத்து ஒரு டாஷ்போர்டு, அதாவது கணக்கைப் படமாகக் காட்டும் திரை, செய்து, ஆபீஸ் அறை டிவியில் ஓடவிட்டிருக்கிறார். 2023-24-ல் விற்பனை 2 கோடி, மொத்த லாபம் (விற்ற தொகையில் சரக்குச் செலவு போக நிற்பது; வாடகை, சம்பளம் இதில் கழிக்கவில்லை) 33.5 சதவீதம். 2024-25-ல் விற்பனை 2 கோடியே 40 லட்சம், மொத்த லாபம் 30.1 சதவீதம். "பழைய சதவீதத்திலேயே நின்றிருந்தால் 80 லட்சத்து 40 ஆயிரம் வந்திருக்க வேண்டும். வந்தது 72 லட்சத்து 15 ஆயிரம். எட்டேகால் லட்சம் எங்கேப்பா போச்சு என்று பையன் கேட்கிறான், என்னிடம் பதில் இல்லை" என்கிறார் வாசகர். பைபாஸ் கடையின் லாபம் 27 சதவீதத்திலிருந்து 23-க்கு இறங்கியது திரையில் சிவப்பாக நிற்கிறது. 2024 நவம்பரில் அந்தக் கடையின் விற்பனை முந்தைய நவம்பரில் பாதிதான். 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து கார பாக்கெட் விற்பனையும் சரிகிறதாம். பைபாஸ் கடையை மூடிவிடலாமா, மச்சானை நீக்கி நோட்டீஸ் அனுப்பலாமா என்பவை அவர் கேள்விகள். வீட்டில் மனைவி பேசி இரண்டு வாரம் ஆகிறது என்பது கடிதத்தின் கடைசி வரி.

அன்புள்ள ஐயா,

கடிதத்தோடு சரக்கு வாரியான விற்பனை, கடை வாரியான பிரிப்பு, எண்ணெய் வாங்கிய நோட்டின் நகல் எல்லாம் வைத்திருந்தீர்கள். காஸ்ட் அக்கவுண்டன்ட்டாக இருபத்தைந்து வருடம் இருந்ததில் சொல்கிறேன், இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் கடைக்காரர்கள் குறைவு. உங்கள் கேள்விகளுக்கான பதிலில் பெரும்பகுதி நீங்கள் அனுப்பிய தாள்களிலேயே இருந்தது. மூன்று மாலை உட்கார்ந்து பார்த்தேன். நோட்டீஸ் எதுவும் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்.

அந்த எட்டேகால் லட்சம்

மகன் போட்ட பெருக்கல் சரி. கேட்ட கேள்விதான் தப்பு.

33.5 சதவீதம் என்பது ஒரு கலவையின் விகிதம். 2023-24-ல் விற்ற 200 லட்சத்தில் இனிப்பு 100, காரம் 60. கூல்டிரிங்ஸ், தண்ணீர் பாட்டில், பிஸ்கட், ஐஸ்கிரீம் என்று வெளியில் வாங்கி விற்பது 40. இனிப்பில் உங்களுக்கு நிற்பது 40 சதவீதம், காரத்தில் 35, வாங்கி விற்பதில் 15. அடுத்த ஆண்டு இனிப்பு அதே 100, காரம் 65, வாங்கி விற்பது 75. ஆக, கூடிய 40 லட்சம் விற்பனையில் 35 லட்சம் குறைந்த லாபச் சரக்கு. தண்ணீர் பாட்டிலில் மைசூர்பாகின் லாபம் எப்படிக் கிடைக்கும்? டிகாக்‌ஷனில் பாலை ஊற்ற ஊற்ற நிறம் வெளுக்கும். டிகாக்‌ஷனை யாரோ எடுத்துக் குடித்துவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை.

பழைய லாப விகிதங்களை அப்படியே வைத்துக்கொண்டு புதிய விற்பனைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இனிப்பில் 40, காரத்தில் 22.75, வாங்கி விற்பதில் 11.25, மொத்தம் 74 லட்சம். வந்திருக்க வேண்டியது இதுதான், 80.40 அல்ல. நடுவில் இருக்கும் 6 லட்சத்து 40 ஆயிரம் பிறக்கவே இல்லாத பணம். அதை யாரும் எடுத்திருக்க முடியாது.

மிச்சம் 1 லட்சத்து 85 ஆயிரம். இதில்தான் விஷயம் இருக்கிறது. காரத்தின் லாபம் 35-லிருந்து 31 சதவீதமாக இறங்கியதில் 2 லட்சத்து 60 ஆயிரம் போயிருக்கிறது. அதே சமயம் வாங்கி விற்கும் சரக்கில் லாபம் 15-லிருந்து 16 ஆகி 75 ஆயிரம் கூடியிருக்கிறது. டிஸ்ட்ரிப்யூட்டரிடம் ஸ்கீம், அதாவது கூடுதல் சலுகை, பேசி வாங்கியது மச்சான்தான் என்று உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

காரத்தில் போன பணம் எங்கே என்பதை எண்ணெய் நோட்டு சொல்கிறது. முதல் ஆண்டு 620 டின், சராசரி விலை 1,425 ரூபாய். அடுத்த ஆண்டு 670 டின், சராசரி 1,750. டின்னுக்கு 325 ரூபாய் கூடுதல் என்றால் 670 டின்னுக்கு ஏறக்குறைய 2 லட்சத்து 18 ஆயிரம். 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படை இறக்குமதி வரி பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமானது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 12.5-லிருந்து 32.5. உங்கள் நோட்டில் டின் விலை தாவுவதும் அதே மாதக் கடைசியில்தான். 2025 மே இறுதியில் கச்சா எண்ணெய் வரி பாதியாகக் குறைந்தது. காரத்துக்கு நீங்கள் விலை ஏற்றவில்லை, அதனால் அந்த அடி முழுக்க உங்கள் மேல் விழுந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு லட்சம் ரூபாய்க் காரம் விற்க, இரண்டு ஆண்டும் 10.3 டின்தான் செலவாகியிருக்கிறது. எண்ணெய் கை மாறியிருந்தால் டின் எண்ணிக்கை ஏறியிருக்கும். ஏறியது விலை மட்டும். மீதி 42 ஆயிரத்துக்குக் கடலை மாவு நோட்டைப் பாருங்கள். 2024-ல் கடலை விலை ஏறி, அந்த மே மாதம் அரசு இறக்குமதி வரியையே எடுக்க வேண்டி வந்தது.

டிவியில் ஓட வேண்டிய படம்

டாஷ்போர்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகன் செய்தது நல்ல வேலை. ஆனால் அது என்ன மாறியது என்பதை மட்டும் காட்டுகிறது, எதனால் மாறியது என்பதைக் காட்டவில்லை. அந்த வெற்றிடத்தில் வீட்டுச் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

எதனால் என்று காட்டுவதற்கு வாட்டர்ஃபால் சார்ட் என்று ஒன்று உண்டு. நான் படிக்கட்டுப் படம் என்று சொல்வேன். எக்ஸெல்லிலேயே வரும். இடது ஓரத்தில் 2023-24 லாபம், 67 லட்சம். வலது ஓரத்தில் 2024-25 லாபம், 72.15. நடுவில் ஏறும் படிகள் பச்சை, இறங்கும் படிகள் சிவப்பு. உங்களுக்கு அது இப்படி வரும்: காரம் கூடுதலாக விற்றதில் 1.75 ஏற்றம், வாங்கி விற்பது கூடியதில் 5.25 ஏற்றம், எண்ணெய் விலையில் 2.18 இறக்கம், காரத்தின் மற்ற செலவில் 0.42 இறக்கம், டிஸ்ட்ரிப்யூட்டர் ஸ்கீமில் 0.75 ஏற்றம். கூட்டிப் பாருங்கள், 72.15-ல் போய் நிற்கும். மகனை இதை வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர், ஒரு காரணம், ஒரு நோட்டு ஆதாரமாக இருக்க வேண்டும். பெயர் வைக்க முடியாத படி ஏதாவது மிஞ்சினால் அப்போது சந்தேகப்படலாம்.

படத்தை ரூபாயில் போடுவது முக்கியம். சதவீதத்தில் தொடங்கியதால்தான் இவ்வளவு கலவரம். வாடகையும் சம்பளமும் ரூபாயில்தான் கொடுக்கிறோம்.

இந்த மாதிரி ஒரு எண்ணை உடைத்து உடைத்து வேருக்குப் போகும் வழக்கம் புதிதல்ல. அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில், நூறு வருடத்துக்கும் முன்னால், டொனால்ட்சன் பிரவுன் என்ற பொறியாளர் நிதிப் பிரிவுக்கு வந்து, போட்ட முதலுக்குக் கிடைக்கும் வருமானத்தை இரண்டாகப் பிரித்தார். விற்பனையில் எவ்வளவு லாபம் நிற்கிறது என்பது ஒன்று, முதல் எத்தனை முறை சுழல்கிறது என்பது இன்னொன்று. நம் ஊர் மளிகைக் கடைக்காரருக்கு இது தெரியாததல்ல. லாபம் கம்மி, ஆனால் சரக்கு ஓடும் என்பார். மச்சான் செய்வதும் அதுதான்.

சரி, கடை வாரியாகப் பிரித்தால்? ஒரே சமையல்கூடம், ஒரே விலை என்பதால் சரக்கின் லாப விகிதம் இரண்டு கடைக்கும் ஒன்றுதான் என்று வைத்துக் கணக்கிட்டேன். பைபாஸ் கடையின் மொத்த லாபம் 14.95 லட்சத்திலிருந்து 20.46 லட்சமாக ஏறியிருக்கிறது. உங்கள் பஜார் கடையின் மொத்த லாபம் 52.05-லிருந்து 51.69-க்கு இறங்கியிருக்கிறது. இந்த இரண்டு வரியையும் இன்னொரு முறை படித்துவிட்டு மேலே போங்கள்.

கண்ணை ஏமாற்றிய இடங்கள்

மகன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் பைபாஸ் கடையின் பட்டை 22-லிருந்து தொடங்குகிறது. 27.2 சதவீதப் பட்டை உயரமாக நிற்க, 22.7 சதவீதப் பட்டை தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. பார்ப்பவருக்கு ஏழில் ஒரு பங்காகிவிட்ட மாதிரி தெரியும். வேண்டுமென்று செய்தது இல்லை, சாஃப்ட்வேர் தானாகச் செய்வது. கோடாக வரைந்தால் அளவுகோலை நடுவிலிருந்து தொடங்கலாம். பட்டையாக வரைந்தால் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் பட்டையில் கண் பார்ப்பது நீளத்தை.

நவம்பர் சரிவு இன்னும் வேடிக்கை. 2023-ல் தீபாவளி நவம்பர் 12. 2024-ல் அக்டோபர் 31. இனிப்புக் கடைக்காரர் வீட்டில் இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே! 2023 நவம்பரில் தீபாவளிக் கூட்டம், 2024 நவம்பரில் பட்டாசுக் குப்பை. பாதியாகாமல் என்ன செய்யும்? 2025-ல் அக்டோபர் 20 என்பதால், அந்த ஆண்டையும் மாத வாரியாக ஒப்பிட்டால் குழப்பம்தான். தீபாவளி நாளை பூஜ்யம் என்று வைத்து, அதற்கு முந்தைய முப்பது நாள், பிந்தைய பதினைந்து நாள் என்று வரிசைப்படுத்தி, மூன்று ஆண்டுக் கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள்.

2025 செப்டம்பர் 22-க்குப் பிந்தைய கார பாக்கெட் சரிவில் ஒரு பங்கு ஜிஎஸ்டி. அன்று முதல் பாக்கெட் காரத்துக்கு 12 சதவீத வரி 5 ஆனது. பிஸ்கட், ஐஸ்கிரீமுக்கு 18-லிருந்து 5. இனிப்புக்கு முன்பே 5 சதவீதம்தான். டாஷ்போர்டு பில் தொகையை வரியோடு சேர்த்தே எடுக்கிறது. நேற்று வரை 112 ரூபாய்க்குப் பில் போட்ட பாக்கெட் இன்று 105. அதே எண்ணிக்கை விற்றாலும் கிராஃபில் 6.25 சதவீதம் சரிவு. அந்த 7 ரூபாய் என்றைக்குமே உங்கள் பணம் இல்லை. வரி நீக்கிய தொகையை எடுத்துப் போட்டபின் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

அசையாமல் நிற்கும் பட்டை

எனக்கு உண்மையில் கவலை தந்தது சிவப்பில் இருந்த எதுவும் இல்லை. இனிப்பு. இரண்டு ஆண்டும் 100 லட்சம், இரண்டு ஆண்டும் 40 சதவீதம். டாஷ்போர்டில் பச்சையாக, அமைதியாக இருக்கிறது. படிக்கட்டுப் படத்திலும் அதற்குப் படியே இல்லை.

ஆனால் 2024 ஏப்ரலில் இனிப்பு விலையை எட்டு சதவீதம் ஏற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். விலை எட்டு சதவீதம் ஏறியும் விற்பனைத் தொகை அப்படியே இருக்கிறது என்றால், எடை குறைந்திருக்கிறது. முன்பு 100 கிலோ போன இடத்தில் இப்போது 92.6 கிலோதான் போகிறது. அந்த ஒரு பட்டைக்குள் மூன்று படிகள் ஒளிந்திருக்கின்றன. விலை ஏற்றியதில் ஏறக்குறைய 7.4 லட்சம் ஏற்றம். சரக்குச் செலவு கூடியதில் 4.4 இறக்கம். எடை குறைந்ததில் 3 லட்சம் இறக்கம். மூன்றும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகி நிற்கின்றன. விலையை வருடா வருடம் ஏற்றி இதை மறைத்துக்கொண்டே போகலாம், சில வருடம் வரை.

இனிப்பில் 86 லட்சம் போவது பஜார் கடையில். பைபாஸில் 14 லட்சம்தான். வாடிக்கையாளர் குறைந்தாரா, அல்லது அரைக் கிலோ வாங்கியவர் கால் கிலோவுக்கு வந்துவிட்டாரா? முதலாவது என்றால் பக்கத்தில் புதிதாக யார் கடை போட்டார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டாவது என்றால் விலை கடித்திருக்கிறது. பில் எண்ணிக்கையையும் சராசரி பில் தொகையையும் தனித்தனிக் கோடாகப் போட்டால் தெரிந்துவிடும். நீங்கள் அனுப்பிய தாள்களில் அது மட்டும் இல்லை.

மூடுவது, நீக்குவது

பைபாஸ் கடைக்கென்றே ஆகும் வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் 13.5 லட்சம் என்கிறீர்கள். 20.46-ல் அது போனால் மிஞ்சுவது சுமார் 7 லட்சம். மூடினால் போவது இந்த 7 லட்சம். சமையல்கூடச் சம்பளம் குறையாது, மாஸ்டருக்கு அரை நாள் கூலி கொடுக்க முடியுமா? அது முழுவதும் பஜார் கடை மேல் வந்து உட்காரும். பைபாஸில் வண்டியை நிறுத்துபவர் அதற்காக ஊருக்குள் வந்து வாங்கப் போவதுமில்லை.

அதற்காக மச்சானுக்கு மாலை போடச் சொல்லவில்லை. இரவு 11 மணி வரை திறக்க ஓர் ஆள், ஐஸ்கிரீம் பெட்டிக்குக் கரண்ட் என்று செலவு 3 லட்சம் கூடியிருக்கிறது. கூடிய லாபம் 5.51 லட்சம். 35 லட்சம் கூடுதல் விற்பனைக்கு இரண்டரை லட்சம் என்பது மெலிந்த கணக்கு. ஒரு கோடையில் ஃப்ரீசர் பழுதானால் அதில் பாதி உருகிப் போகும். பத்து மணிக்கு மேல் எவ்வளவு பில் விழுகிறது என்று பார்த்து, தேவையானால் நேரத்தைக் குறைக்கலாம். அது இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம், வக்கீல் நோட்டீஸுக்கு உரியது அல்ல.

இந்தக் கணக்கு அவர் நேர்மைக்குச் சான்றிதழும் அல்ல. பில் போடாமல் விற்றால் எந்த கிராஃபிலும் வராது. சந்தேகம் தீர வேண்டுமென்றால் முன்னறிவிப்பு இல்லாமல் சரக்கு எண்ணுங்கள். ஆனால் இரண்டு கடையிலும் ஒரே நாளில், பஜார் கடையை மச்சான் எண்ண, பைபாஸ் கடையை மகன் எண்ண. ஒரு பக்கம் மட்டும் எண்ணினால் அதற்குப் பெயர் ஆடிட் இல்லை.

சட்டப்படியும் நீங்கள் நினைப்பது போல 60 சதவீதம் வைத்திருப்பதால் அவரை வெளியேற்றிவிட முடியாது. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932-ன் 33-ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் அந்த அதிகாரம் வெளிப்படையாக இருக்க வேண்டும், அதையும் நல்லெண்ணத்தோடுதான் பயன்படுத்த வேண்டும். பங்கு அதிகம் என்பது மட்டும் போதாது. பத்திரத்தில் கால வரம்போ முடிவு பற்றிய விதியோ இல்லையென்றால், 43-ஆம் பிரிவின்படி எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து நிறுவனத்தையே கலைக்கலாம். அப்போது வெளியே போவது அவர் மட்டும் இல்லை. கடன் தீர்த்து, சரக்கு, சாமான், கடைப் பெயர் எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டுப் பிரிக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவும் உணவுப் பாதுகாப்பு லைசென்ஸும் நிறுவனத்தின் பெயரில் இருப்பவை, அவற்றையும் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும். பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு இதையெல்லாம் யோசியுங்கள்.

உங்கள் மகனுக்குத் தெரியாத ஒரு பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது. 12-ஆம் பிரிவு ஒவ்வொரு பார்ட்னருக்கும் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் உரிமை தருகிறது. டிவியில் ஓடும் அந்த எண்கள் மச்சானுக்கும் உரியவை. இதுவரை அவருக்கு டாஷ்போர்டைக் காட்டவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை சாத்தியதும் அவரைக் கூப்பிடுங்கள். படிக்கட்டுப் படத்தை மகனே விளக்கட்டும். எண்ணெய்ப் படிக்கு வந்ததும் நீங்கள் பேசுங்கள், காரத்துக்கு விலை ஏற்றாதது உங்கள் முடிவு. ஸ்கீம் படிக்கு வந்ததும் மச்சானைப் பேச விடுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. சமையல்கூடத்திலிருந்து இரண்டு கடைக்கும் வாரா வாரம் எத்தனை கிலோ இனிப்பு போனது என்று மாஸ்டர் ஒரு நோட்டில் எழுதியிருப்பார், 2023 ஏப்ரல் முதல் அதை எடுங்கள். பஜார் கடையின் பில் எண்ணிக்கையையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். எடை எந்த மாதத்தில் இறங்கத் தொடங்கியது என்று பார்த்துச் சொல்கிறேன். விலை ஏற்றிய ஏப்ரலுக்கு முன்பே இறங்கியிருந்தால், நாம் பேச வேண்டிய விஷயம் வேறு.